வேலா முடிந்த மறுநாள் வரும் போன்கள்: குதிரை மீட்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில், ஒரு தென்னந்தோப்பின் மூலையில் தட்டி போட்ட லாயம் ஒன்றில் இப்போது ஏழு குதிரைகள் நிற்கின்றன. நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொள்கிறோம். பாதி போன் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து வரும், மீதி சித்தூர், பாலக்காட்டிலிருந்து. கோயில் திருவிழாவும் (வேலா என்பது அதுதான்) கல்யாணமும் நெருக்கிக்கொண்டு வரும் மாதங்களில் ராத்திரியிலும் அடிக்கும். பதற்றத்தில் பேசும்போது முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறோம், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ரோட்டோரம் எலும்பும் தோலுமாக ஒரு குதிரை நிற்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

1962-க்குப் போன் போடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது, தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அதே எண்தான். எல்லையோரத்தில் நிற்பவர்களுக்கு போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே பேச ஆரம்பித்ததும் ஊர், பஞ்சாயத்து, மாவட்டம் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

அதுவரை நிழலும் தண்ணீரும் போதும். குதிரையின் பின்பக்கமாகப் போகாதீர்கள், தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். விழுந்து கிடந்தால் நாலைந்து பேர் சேர்ந்து வாலைப் பிடித்துத் தூக்குகிறார்கள், அதைச் செய்யவே கூடாது. தலைக்கடியில் ஒரு சாக்கை மடித்து வைத்து, தரையோடு அழுந்தும் கண்ணைக் காப்பாற்றுங்கள். கால்கள் நீட்டியிருக்கும் பக்கம் நிற்காதீர்கள், வலியில் உதைத்தால் அதன் மேல் குற்றமில்லை.

பசியில் துடிக்கிறதே, வயிறு நிறைய கொள்ளு வைத்தால் தேறிவிடாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்களிடம் வந்த முதல் குதிரை ஒரு சிவப்புப் பெட்டை. விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அன்று ராத்திரியே அவித்த கொள்ளும் வெல்லமும் தவிடும் கலந்து வாளி நிறைய வைத்தோம். அது தின்ற வேகத்தைப் பார்த்து எங்களுக்குக் கண் கலங்கியது. காப்பாற்றிவிட்டோம் என்றே நினைத்துத் தூங்கப் போனோம். நாலாம் நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. நாங்கள் போட்ட சோறுதான் அதைக் கொன்றது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, இன்னொருவர் அதையே செய்யாமல் இருந்தால் போதும்.

நடப்பது இதுதான். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் ஒரேயடியாக உள்ளே போனால் இன்சுலின் ஏறும், ரத்தத்திலிருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும், அப்புறம் இதயமும் மூச்சும் தடுமாறும். தின்ன ஆரம்பித்து மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் சாவு வரும். 'நன்றாகத் தின்றதே, பிறகு எப்படிச் செத்தது' என்று ஊரில் கேட்பார்கள். நன்றாகத் தின்றதால்தான்.

சரி, என்ன கொடுப்பது? குதிரை மசால். பேரிலேயே குதிரை இருக்கிறது, லூசர்ன் என்று விதைக்கடையில் சொல்வார்கள். அதைக் காயவைத்து, வளர்ந்த குதிரைக்கு அரை கிலோ வீதம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து, முதல் மூன்று நாள். மட்டக்குதிரை என்றால் அதற்குத் தக்கபடி குறைத்து. நாலாம் நாளிலிருந்து அளவை மெல்லக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, பத்தாம் நாள் வாக்கில்தான் வேண்டிய அளவு தின்ன விடலாம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கொள்ளு, தவிடு, வெல்லம், பழம் எதுவும் அந்தப் பத்து நாளில் கிடையாது. மனசு கேட்காது. கட்டுத்தறிக்கு வந்து தலையை நீட்டிக் கனைக்கும், நம் சட்டையைக் கடித்து இழுக்கும். அப்போதும் கொடுக்காதீர்கள்.

குடற்புழு மருந்தையும் வந்த அன்றே ஊற்றிவிடாதீர்கள். வயிறு நிறையப் புழு இருக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் குடல் தாங்காது. எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும். பழைய எடைக்குத் திரும்ப ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

தேறிய பிறகு நம் பக்கத்தில் கிடைக்கும் தீவனத்தில் எது நல்லது, எது ஆபத்து?

ஒரு நாளைக்கு உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு காய்ந்த தீவனம் வேண்டும். 250 கிலோ குதிரைக்கு நாளைக்கு 5 கிலோ வரை, மாதம் 150 கிலோ. எடைமேடை வேண்டாம், ஒரு டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டம் வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் 246 கிலோ.

சோளத்தட்டு, கடலைக்கொடி இரண்டும் நன்றாகக் காய்ந்து பூஞ்சை இல்லாமல் இருந்தால் நல்லது. இளம் பச்சைச் சோளம் வேண்டாம். வைக்கோல் வயிற்றை அடைக்குமே தவிர சத்து கிடையாது, அதை மட்டுமே தின்னும் குதிரைக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். மாட்டுக்கு எல்லோரும் போடும் கம்பு நேப்பியர், மேய்ச்சல் காட்டில் இருக்கும் கொழுக்கட்டைப் புல், இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மாடு சமாளிக்கும், குதிரையால் முடியாது. கூடவே தவிடும் நிறைய போட்டால் மாதக்கணக்கில் எலும்பு இளகி முகம் வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். இந்தப் புல்லைத் தவிர வேறு வழியில்லை என்றால் குதிரை மசாலோ வேலிமசாலோ கலந்து போட்டு, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்கிறேன். கோழித் தீவன மூட்டையைக் குதிரை பக்கமே கொண்டுபோகாதீர்கள். நம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கறிக்கோழிப் பண்ணை, மிஞ்சிய தீவனத்தைக் 'சத்தான பொருள்தானே' என்று தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதில் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்து குதிரையின் இதயத்தை அடித்துப்போடும், கொஞ்சமே போதும், மாற்று மருந்தும் கிடையாது.

கோயில் சுற்றில் இருக்கும் அரளி, வேலியோரத்து உண்ணிச்செடி, மரவள்ளி இலை, இவை எட்டும் இடத்தில் கட்டாதீர்கள்.

கேரளாவில் குதிரை ஏது? அங்கே யானைதானே?

மழையும் சதுப்பும் நிறைந்த மேற்குப் பக்கத்துக்கு இது பொருந்தும். பாலக்காட்டுக் கணவாய் வேறு. கொங்குச் சீமையிலிருந்து காற்று எப்படி வருகிறதோ அப்படியே குதிரையும் வந்த வழி இது. ஹைதர் அலியின் குதிரைப்படை இறங்கிய பாதை, 1766-இல் அவர் கட்டிய கோட்டை பாலக்காட்டு ஊர் நடுவில் இன்றும் நிற்கிறது. எங்கள் சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பாலக்காடு மலபார் மாவட்டமாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது, இந்தக் கோடுகள் எப்படிப் போனாலும் வண்டிக்காரர்கள் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டு பக்கமும் சாமிக்குக் குதிரை வேண்டும். நம் ஐயனாருக்குப் பிடிமண் கொடுத்து, வேளார் வீட்டில் மண்குதிரை செய்து, தோளில் சுமந்துபோய் வைப்பதைப் புரவி எடுப்பு என்கிறோம். கேரளத்தில் சாஸ்தாவுக்கும் வாகனம் குதிரைதான், சபரிமலைக் கொடிமரத்து உச்சியில் இருப்பதும் அதுவே. ஒற்றப்பாலம் பக்கத்துச் சினக்கத்தூர் பூரத்தில் மூங்கிலும் துணியும் வைத்துக் கட்டிய பெரிய குதிரைகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து ஆடுவார்கள், நேரில் பார்த்தால் புல்லரிக்கும். மண்ணிலும் மூங்கிலிலும் செய்த குதிரைக்குத் திருவிழாவோடு வேலை முடிந்துவிடுகிறது. உயிருள்ள குதிரைக்கு அப்படி இல்லை. அது 25, 30 வருஷம் வாழும்.

உயிருள்ள குதிரைகள் ஓடும் இடமும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, தத்தமங்கலத்து அங்காடி வேலா. சேணமில்லாமல், ரோட்டின் இரண்டு ஓரமும் ஆள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் குதிரைகள் பாயும். 2021 ஏப்ரலில் கொரோனா கட்டுப்பாடு இருந்தபோதும் ஓட்டினார்கள், குதிரை ஒன்று கட்டுக்கு அடங்காமல் கூட்டத்துக்குள் பாய்ந்தது, நடத்தியவர்கள் மேல் வழக்கும் பதிவானது.

அப்படியென்றால் குதிரையோட்டம், ரேக்ளா எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறீர்களா?

எங்கள் நாலு பேருக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. என் கருத்தைச் சொல்கிறேன். தார்ரோட்டில், லாடம் வழுக்கும் இடத்தில், கூட்டத்துக்கு நடுவில் ஓட்டுவது எனக்கு ஒப்பவில்லை, அது பழைய வழக்கமும் இல்லை, ஏனென்றால் தார்ரோடே பழைய வழக்கம் இல்லை. மண் தடத்தில், தடுப்பு கட்டி, மருத்துவர் பார்த்து அனுப்பிய குதிரையை ஓட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. வருஷம் முழுக்கத் தன் பிள்ளையைப் போலக் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ரேக்ளாக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நாங்கள் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

எங்களிடம் வருவது அவர்கள் வீட்டுக் குதிரை இல்லை. ஒரு நாள் பவுசுக்காக வாங்கியது, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்பட்டு வயசானது, ரீல்ஸ் எடுக்க வாங்கி மூன்றாம் மாதம் தீவனச் செலவு தெரிந்ததும் ராத்திரியில் அவிழ்த்துவிடப்பட்டது. வேலா முடிந்த மறுநாள் காலையில் ரோட்டில் நிற்கும் குதிரைக்குச் சொந்தக்காரர் கிடைப்பதே இல்லை.

சுழி சரியில்லை என்று விற்கப் பார்க்கிறோம். வாங்கிக்கொள்வீர்களா?

வாங்க மாட்டோம், விற்கவும் வேண்டாம் என்று சொல்வோம். உடம்பில் மயிர் சுழன்று முளைத்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்வது, அதாவது சுழி பார்ப்பது, நம் குதிரைக்காரர்களிடம் ஆழமாக இருக்கும் பழக்கம், அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. பழைய ஜட்காக்காரர் ஒருவர் எங்கள் லாயத்துக்கு வந்து, ஒவ்வொரு குதிரையின் நெற்றி, கழுத்து, விலா என்று விரலால் தடவி, அரை மணி நேரம் எனக்கு விளக்கினார். அந்த விரல் குதிரையை அறிந்த விரல். ஆனால் மயிர் எந்தத் திசையில் முளைக்க வேண்டும் என்பது குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வீட்டில் அழுகை வரும் என்று ஒரு நல்ல மூன்று வயசுக் குட்டியை ஆறு மாதத்தில் ஐந்து கை மாற்றியிருந்தார்கள். ஐந்து வீட்டிலும் அதற்குச் சரியாகத் தீனி இல்லை. அவரிடம் அதையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சுக்குங்க தம்பி, வாயில்லா ஜீவன்" என்று மட்டும் சொன்னார்.

சுழியைப் பார்க்கும் நேரத்தில் பல்லைப் பாருங்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், மீட்ட குதிரைக்கு அது சரிவராது. கடைவாய்ப்பல் ஓரம் கூராகி கன்னத்தைக் கிழித்திருக்கும், பாதி மென்ற தீவனம் உருண்டையாகக் கீழே விழும், ஆள் மெலியும். அராவிவிட்டால் தேறிவிடும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சொல்லிச் சிரிப்போம், வாயை மூடும் குதிரையின் உதட்டை விலக்கிப் பாருங்கள், நாக்கிலும் ஈறிலும் பழைய புண் இருக்கும்.

முள் கடிவாளம் போட்டு அடிக்கிறார்கள். புகார் கொடுத்தால் நடவடிக்கை இருக்குமா?

கொடுங்கள். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது, அடிப்பது, காயமுள்ளதை வேலை வாங்குவது, பட்டினி போடுவது, கைவிடுவது எல்லாம் அதன் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் வெறும் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய், அறுபது வருஷமாக அதே தொகை, நினைத்தால் வயிறெரிகிறது. ஆனால் விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு, புகாரில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கென 1965 விதிகள் தனியாக இருக்கின்றன. முள் வைத்த கடிவாளம் கூடாது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 வரை வேலையே வாங்கக் கூடாது. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி புதிதல்ல, அந்த வெயிலில்தான் முகூர்த்த ஊர்வலத்துக்குச் சாரட்டில் பூட்டுகிறார்கள். கல்யாண வீட்டார் இதைப் படித்தால், ஊர்வலத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். குதிரை பக்கத்தில் சரவெடி வேண்டாம்.

எல்லை தாண்டிக் கொண்டுவர என்னென்ன தேவை?

பயணம் செய்யத் தகுதி என்று கால்நடை மருத்துவர் கொடுக்கும் சான்றிதழ், யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற கடிதம். மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் எந்தச் சோதனைச் சாவடியானாலும் கேட்பார்கள், இரக்கத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அந்தக் கேள்வி மற்ற குதிரைகளுக்கும் பாதுகாப்பு. லாரித் தளத்தில் மணலும் வைக்கோலும் பரப்புங்கள். நைலான் கயிறு வேண்டாம்.

குதிரையிடமிருந்து மனிதனுக்கு நோய் வருமா?

வரும். கிளாண்டர்ஸ் என்ற நோய் மூக்கிலிருந்து கெட்டியான சளி, தோலில் வரிசையாகக் கட்டி உடைந்து புண், விடாத காய்ச்சல் என்று காட்டும், மனிதரைக் கொல்லவும் கூடியது. இதற்கான ரத்தப் பரிசோதனை ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது, மாதிரியைக் கால்நடைத் துறை மூலம் அனுப்புவார்கள். நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் சட்டம். ஆகவே புதிதாக வந்த எதையும் நாங்கள் மூன்று வாரம் தனியாக, தனி வாளி, தனிக் கயிறோடு வைக்கிறோம். வெறிநாய் கடித்த குதிரையும் ஆபத்து. டெட்டனஸ் குதிரைக்கு மிக எளிதாக வரும், ஆணி குத்திய குளம்பே போதும், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

உருண்டு புரள்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. என்ன அது?

வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது கீழேதான் இறங்க வேண்டும். காலால் மண்ணைப் பறிப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, சாணி போடாமல் இருப்பது எல்லாம் அறிகுறி. தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருந்தால் இயல்பு, 60-ஐத் தாண்டினால் நேரமில்லை என்று அர்த்தம். பாட்டிலில் எண்ணெயோ சோடாவோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பெரிய சிகிச்சை என்றால் எங்களுக்குப் பக்கம் திருச்சூர் மண்ணுத்தி, தமிழ்நாட்டுப் பக்கத்தாருக்கு உடுமலை, இரண்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஒரு குதிரையை எங்கள் தோட்டத்துக்குக் கொடுப்பீர்களா?

ஒன்றை மட்டும் தர மாட்டோம். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி, தனியாகக் கட்டினால் தூங்காமல், தட்டியைக் கடித்துக்கொண்டு, ஆடிக்கொண்டே நிற்கும். இன்னொரு குதிரை இல்லாவிட்டால் கழுதையோ ஆடோ துணைக்கு வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு வெட்ட லாடக்காரர் வருவாரா என்று முதலில் உறுதி செய்யுங்கள், இப்போது அவர்கள் மிகக் குறைவு. ஆடி, ஆவணியில் சகதியில் நிற்க விட்டால் குளம்பின் அடி அழுகி நாறும்.

குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடலாமா?

மீட்ட குதிரையில் முதல் வருஷம் யாரும் ஏறக் கூடாது. அதன் பிறகும் ஆளும் சேணமும் சேர்ந்து உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோ. பெரியவர்கள் ஏறவே முடியாது.

கால் முறிந்துவிட்டது. கொல்லத்தான் வேண்டுமா?

சில முறிவுகளுக்கு ஆமாம். இவ்வளவு எடையை மூன்று காலில் வாரக்கணக்கில் தாங்க முடியாது, நல்ல காலின் குளம்பும் உள்ளே பிய்த்துக்கொண்டுவிடும், படுத்தே கிடந்தாலும் குடலும் நுரையீரலும் கெடும். மருத்துவர் ஊசி போட்டால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். நான் நாலு தடவை தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று தள்ளிப்போட்ட அந்த ஒரு தடவைதான் இன்றும் உறுத்துகிறது.

நேரில் வந்து பார்க்கலாமா? என்ன கொண்டுவரலாம்?

வாருங்கள், காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. காய்ந்த கடலைக்கொடி, குதிரை மசால், பருத்திக் கயிறு, கிழிந்த கோணிச்சாக்கு எதுவானாலும் உதவும். பிஸ்கட், சர்க்கரை வேண்டாம். வண்டியைத் தோப்புக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், ஹார்ன் அடிக்க வேண்டாம், போனில் பாட்டு போட வேண்டாம். கடைசிக் கொட்டிலில் நிற்கும் வெள்ளைக் குதிரை பல வருஷம் ஊர்வலச் சாரட்டு இழுத்தது. தூரத்தில் எங்காவது பேண்டு சத்தம் கேட்டாலே வேர்த்து நடுங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, அன்று முழுக்கத் தண்ணீர்கூட குடிக்காது.